கூடு முதலில், கோழி அப்புறம்: புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

சேலத்தில் ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறோம். எங்கள் பொடக்காலியில், அதாவது புறக்கடையில் நின்றால் சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். முதல்முறை ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி விட்டேன். மூன்றாவது வாரம் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஏழும் செத்துக் கிடந்தன. தின்றிருந்தது ஒன்றைத்தான். மற்ற ஆறுக்கும் கழுத்தில் சின்னச் சின்னப் பல்தடம். கூட்டின் அடிவலை ஒரு மூலையில் நாலு விரல் அகலத்துக்குத் தூக்கியிருந்தது. வந்த வழி அதுதான்.

தீவனம், நோய், முட்டைக் கணக்கு எல்லாம் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். இரவுக்கூட்டை மட்டும் கோழி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதனால்தான் இந்த விளக்கத்தில் கூட்டுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கூடு

பத்துக் கோழிக்கு 5 அடி நீளம், 4 அடி அகலம் போதும். இரவில் தூங்க மட்டும்தான், பகலில் வெளியே மேயப் போகிறவை. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் வேலிக்கு நடும் கல்கால் கிடைக்கும், அதில் நாலு ஊன்றினால் கரையான் பயம் இல்லை. ஒவ்வொரு காலையும் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரத்தை இறுக்கிக் கட்டிவிட்டால் எலியும் பெருச்சாளியும் ஏற முடியாமல் வழுக்கும். தளத்துக்குப் பலகை போட்டு, மேலே இரண்டு அங்குலம் உமி பரப்புங்கள். ஈரமான உமியை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.

உள்ளே குறுக்காக இரண்டு கழி கட்டுங்கள். மூங்கிலைவிட லேசாகச் செதுக்கிய மரச்சட்டம் நல்லது, கோழி காலை அழுத்தமாக ஊன்றி உட்காரும்.

மேலே ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய 5,000 அடி உயரம், மார்கழிப் பனியும் காற்றும் கோழியை வாட்டும். காற்றடிக்கும் பக்கத்தில் தார்ப்பாய் கட்டுங்கள். ஆனால் கூரையை ஒட்டி ஒரு சாண் திறப்பை விட்டேயாக வேண்டும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி உள்ளேயே தங்கினால் கண்ணும் மூச்சும் கெடும். அப்புறம், காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளை கூரைமேல் கவிந்திருந்தால் வெட்டிவிடுங்கள். மரநாய் மரத்தில் ஏறி வரும், கூரைமேல் குதிக்கும், கூரை ஓடுகளையும் நகர்த்திவிடும். ஓட்டுக்கூரைதான் என்றால் அதற்கு அடியில் வலை அடிக்காமல் விடாதீர்கள்.

படி 2: வலை

பலரும் தவறுவது இங்கேதான். கடையில் ‘கோழிவலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பிவலையைக் கொடுப்பார்கள். கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் அது. நாய் பல்லால் இழுத்தால் கிழியும். அதன் கண் வழியாகப் பாம்பு நுழையும், கையைவிட்டுக் கோழிக்குஞ்சை இழுக்கும் விலங்கும் உண்டு. ‘அரை அங்குல வெல்டு மெஷ்’ (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த, சதுரக் கண் வலை) என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனாலும் இரவுக்கூட்டுக்கு மட்டுமாவது இதுதான் வேண்டும். ஆணியை அடித்து வளைத்து விடாமல், பட்டை வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். என் முதல் கூட்டில் வளைத்த ஆணிதான் கழன்று கொடுத்தது.

பகலில் உலவ அடைப்பு போடுவதானால் வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கிப் புதையுங்கள். தோண்டுகிற விலங்கு வலையை ஒட்டித்தான் தோண்டும். பாதத்துக்குக் கீழேயும் கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிட்டுப் போகும்.

கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்று மட்டும் போதாது, மேலே ஒரு கொக்கியும் வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஒரு பட்டை அடித்து மூடுங்கள்.

படி 3: கோழி வாங்குவது

தொடங்குபவர்களுக்குச் சிறுவிடை என்ற சின்ன உடல் நாட்டுக்கோழி வகைதான் ஏற்றது. தானே அடை உட்காரும், குஞ்சை நன்றாகப் பார்க்கும், ஆபத்து வந்தால் மரமேறும். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தையில் பார்த்து வாங்கலாம். சந்தைக்கோழியை வந்த உடனே பழைய கோழிகளோடு விடாதீர்கள், இரண்டு வாரம் தனியாக வைத்துக் கவனியுங்கள்.

புதுக்கோழியை முதல் ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். அதன்பின் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். வீடு எது என்று மனதில் பதிந்துவிட்டால், பொழுது சாயும்போது தானாக வரும். இருட்டுவதற்குள் எண்ணிப் பூட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 4: தீனி

கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், அரிசிக்குருணை, கீரைக்கழிவு. இரவில் மிச்சத் தீனியைத் தரையில் விடாதீர்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். சேலம் மாவட்டத்தில் மரவள்ளி எங்கும் கிடக்கிறதே என்று அதன் பச்சைத் தோலையும் இலையையும் போட்டுவிடக் கூடாது. அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது.

குஞ்சுகளுக்கு எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டு மூன்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் பானையை நிமிர்த்தினால் வெள்ளை வெள்ளையாகக் கரையான் அப்பியிருக்கும். தட்டிக் கொட்டியதும் தாய்க்கோழி ‘கொக் கொக்’ என்று கூப்பிடும், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பொறுக்கும். கோழிக்குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் எனக்குத் தெரியாது.

படி 5: குஞ்சும் பருந்தும்

அடை வைத்த 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும். அந்தக் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மாதம் எதிரி வானத்தில் இருக்கிறது. பருந்து, வல்லூறு, காக்கை மூன்றும் தூக்கும். முதல் மூன்று வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், எங்கள் பக்கம் அதைக் கொடாப்பு என்பார்கள். அதன்பின் திறந்தவெளியில் விடாமல், செம்பருத்தி வேலி, பாகற்பந்தல் மாதிரி ஒதுங்க இடமுள்ள பக்கம் விடுங்கள். தாய்க்கோழி நிழலைப் பார்த்ததும் இழுத்து ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் அந்த நொடியே மறைவைத் தேடி ஓடும். ஓடிப்போய் ஒளிய ஒரு இடம் பத்தடிக்குள் இருக்க வேண்டும். முடிந்தால் மேலே பழைய மீன்வலை கட்டுங்கள். இரண்டு கின்னிக்கோழி சேர்த்து வளர்த்தால் பாம்பைக் கண்டாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

படி 6: தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற தொற்றுநோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடே காலி. குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. கால்நடைத்துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கு இலவச முகாம் நடத்துகிறது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

படி 7: இழப்பு வந்துவிட்டால்

முதலில் எதையும் எடுக்காமல் சுற்றிப் பாருங்கள். இரவில் பல கோழி கழுத்தில் கடிபட்டு, ஒன்றை மட்டும் தின்றிருந்தால் மரநாயையோ காட்டுப்பூனையையோ சந்தேகப்படுங்கள். பட்டப்பகலில், புதரோரத்தில் கோழி காணாமல் போனால் கீரி. இறகும் சதையும் முற்றம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் நாய். எந்தத் தடயமும் இல்லாமல் முட்டையோ குஞ்சோ மட்டும் குறைந்தால் பாம்பு. மண்ணில் புது வளை, அதன் வாயில் குஞ்சின் இறகு என்றால் பெருச்சாளி.

விஷம் வைக்காதீர்கள், பொறி வைத்துக் கொல்லாதீர்கள். கீரியும் மரநாயும் சாரைப்பாம்பும் 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. நீங்கள் வைத்த விஷத்தைப் பக்கத்து வீட்டு நாயும் தின்னும். கூட்டுக்குள் பாம்பு இருந்தால் கம்பை எடுக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள்.

ருசி கண்ட விலங்கு அடுத்த இரவும் அதே வழியில் வரும். ஆகவே மிச்சக் கோழிகளை அன்றிரவு வீட்டுத் திண்ணையில் பஞ்சாரத்தில் அடைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். இருட்டியதும் ஒருவர் டார்ச்சோடு கூட்டுக்குள் நிற்க, இன்னொருவர் வெளியே சுற்றி வந்து எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்க்கட்டும். வலைக்கண் தவிர வேறெங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு, காலையில் அத்தனையையும் அடையுங்கள்.