கேமரன் மலைக் குளிரில் கண்ணாடி துடைக்கும் வேனுக்கு வெந்நீர்

மலேசியாவின் கேமரன் மலையில் பனி பொழிவதில்லை. குழாயில் நீர் உறைவதும் இல்லை. ஆனால் மழையும் மூடுபனியும் நீடிக்கும் ஆண்டிறுதி மாதங்களிலும் ஆண்டுத் தொடக்கத்திலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் விடியற்காலை வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடுவதால், இரவு முழுவதும் வேனுக்குள் கிடந்த தொட்டித் தண்ணீரில் கைவைத்துக் கடைவரிசைக் கண்ணாடிகளைத் துடைக்கத் தொடங்குபவரின் விரல்கள் விரைவில் மரத்துப்போகின்றன. தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஒரு பழைய வேனையும் ஒரு தொட்டியையும் வைத்துக்கொண்டு சொந்தக் காலில் நிற்க முனையும் தொழில் இது. அவர்கள் தங்கள் கைகளையும் உயிரையும் காப்பாற்றிக்கொண்டு, அதிகப் பணம் செலவழிக்காமல், தண்ணீரைச் சூடாக்கிப் பயன்படுத்தும் வழியை இங்கே விளக்க விரும்புகிறேன்.

இணையத்தில் விற்கப்படும் வேன் வெந்நீர்க் கருவிகளில் பெரும்பாலானவை பிரிட்டன் போன்ற நாடுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் தொட்டியும் பம்பும் ரப்பர் குழாயும் உறைந்து வெடித்துவிடக்கூடும் என்பதால், டீசலில் எரியும் சூடேற்றியை வேனிலேயே பொருத்தி நாள் முழுவதும் இயக்க வேண்டிய தேவை இருக்கிறது. நமக்கு அந்தத் தேவை இல்லை. 17 அல்லது 18 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுவந்து, மதியம்வரை அந்தச் சூட்டைக் காத்துக்கொண்டால் போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவைத் தவிர்த்துவிடலாம்.

வெந்நீரால் என்ன பயன் என்பதையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவைத்து உண்ணும், சுற்றுப்பயணிகள் விரும்பி வரும் ஸ்டீம்போட் உணவகங்களின் கண்ணாடிகளில், உள்பக்கமாக எண்ணெய் கலந்த நீராவி நாள்தோறும் படிந்து ஒரு மெல்லிய பசைப் படலமாகிவிடுகிறது. அதைக் குளிர்ந்த நீரால் தேய்த்தால் படலம் இடம் மாறுமே தவிர, முழுமையாக அகலாது. வெதுவெதுப்பான நீரும் சிறிதளவு பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்ந்தால் அது எளிதில் கரைந்து வரும். காய்ந்த பறவை எச்சம், காய்கறி லாரிகள் வாரியிறைக்கும் மண், மூடுபனியின் ஈரத்தில் சட்ட ஓரங்களில் வளரும் பச்சைப் பாசி ஆகியவையும் சூட்டில் விரைவாக இளகும். ஆனால் தண்ணீரிலுள்ள தாதுஉப்பு காய்ந்து படிந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு வெந்நீர் மருந்தாகாது. அவற்றுக்கு மென்மையான அமிலம் கலந்த தனித் திரவம் வேண்டும்.

எவ்வளவு சூடு?

தூரிகையிலோ துணியிலோ வந்து சேரும் நீர் 35 முதல் 40 டிகிரிவரை இருந்தால் போதும். அதற்கு மேலே போவதால் அழுக்கு பெரிதாகக் கூடுதலாக அகன்றுவிடாது, ஆபத்துதான் கூடும். பதப்படுத்தப்படாத சாதாரணக் கண்ணாடி, ஒரே பலகையின் இரு பகுதிகளுக்கு இடையில் ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாடு ஏற்பட்டால் விரிசல் விடக்கூடும். விடியற்காலையில் 14 டிகிரியில் இருக்கும் பழைய கடைவீட்டுக் கண்ணாடியின்மீது 70 டிகிரி வெந்நீரை ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். ஓரத்தில் ஏற்கெனவே சிறு சில்லு பெயர்ந்திருக்கும் கண்ணாடி, அதைவிடக் குறைந்த வேறுபாட்டிலும் உடையலாம். ஆகவே வேலையைத் தொடங்குமுன் ஓரங்களைக் கண்ணால் பார்த்து, சந்தேகத்துக்குரியவற்றை உரிமையாளரிடம் காட்டிவிட்டு, அவற்றைக் குளிர்ந்த நீராலேயே துடைத்துவிடுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நீங்கள் வேலை செய்வது நடைபாதையில். குழந்தைகள் கடந்து போகும் இடத்தில்.

தொட்டியில் 45 டிகிரி என்பதே என் பரிந்துரை. குழாய் வழியாக வரும்போது சில டிகிரி குறைந்து, தூரிகைக்குத் தேவையான சூட்டில் வந்து சேரும். தொட்டிகள் பெரும்பாலும் பாலித்தீனால் ஆனவை. 60 டிகிரியை நெருங்கும்போது அவை இளகி வயிறு புடைக்கத் தொடங்கும். எனவே எந்தச் சூழ்நிலையிலும் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

வேன் பேட்டரியால் முடியாது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, வேனிலுள்ள 12 வோல்ட் பேட்டரியிலேயே சூடாக்கிவிடலாமா என்பதைத்தான். கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 வாட்-மணி ஆற்றல் தேவை. 200 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 6.3 கிலோவாட்-மணி தேவைப்படுகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் மொத்தமே 1.2 கிலோவாட்-மணிதான் இருக்கிறது. ஈய-அமில வகையாக இருந்தால், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். நீர் ஓடும்போதே சூடாக்கலாம் என்று எண்ணினாலும், நிமிடத்துக்கு 2 லிட்டரை 20 டிகிரி உயர்த்த 2.8 கிலோவாட் தேவை. 12 வோல்ட்டில் அது 230 ஆம்பியருக்கும் மேல். அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் கம்பியும் பேட்டரியும் சிறு வேனுக்கு உரியவை அல்ல. பேட்டரியைப் பம்புக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆகையால் சரியான வழி, வேன் வீட்டருகே நிற்கும்போது வீட்டு மின்சாரத்தால் தொட்டியைச் சூடாக்கி, அந்தச் சூட்டைச் சேமித்து எடுத்துச் செல்வதுதான். தொட்டியின் அடிப்பகுதியில் பக்கவாட்டாகப் பொருத்தக்கூடிய, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் கூடிய 2 கிலோவாட் எவர்சில்வர் சூடேற்றியை வாங்குங்கள். 3 கிலோவாட் சூடேற்றியும் கிடைக்கும். ஆனால் அது மூன்று கண் பிளக்கின் 13 ஆம்பியர் எல்லையைத் தொட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும்போது, பழைய வீடுகளின் சாக்கெட் கொதித்துக் கருகிவிடக்கூடும். 2 கிலோவாட் கருவி 200 லிட்டரை மூன்றேகால் மணி நேரத்தில் சூடாக்கிவிடும். காலை ஏழு மணிக்குப் புறப்படுபவர், மூன்றரை மணிக்குத் தானாகத் தொடங்கும்படி நேர சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அந்த நேர சுவிட்ச்சும் இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் ஈரமான தகர வண்டியும் ஒன்றாகச் சேரும் இடம் என்பதால், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, இந்த இணைப்புக்கென்றே 10 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். எர்த் கம்பி சூடேற்றிக்கு மட்டுமல்லாமல், வேனின் உடலுக்கும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பியை அப்படியே பயன்படுத்தினால் சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகிவிடும். முழுவதும் விரித்த பிறகே இணைக்க வேண்டும். சூடேற்றி முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி ஓட்டுநர் இருக்கையின்மீது வைத்த பிறகே வண்டியை எடுக்கும் வழக்கம் இருந்தால், கம்பியோடு புறப்பட்டுவிடும் விபத்து நேராது. தொட்டி மூடியில் காற்று வெளியேறச் சிறு துளை இருப்பதும் அவசியம்.

சூட்டைக் காப்பது சூடாக்குவதைவிட முக்கியம். உறையில்லாத 200 லிட்டர் தொட்டி, குளிர்ந்த காற்றில் சில மணி நேரத்திலேயே பல டிகிரியை இழந்துவிடும். அதன் ஆறு பக்கங்களையும், குறிப்பாக அடிப்பக்கத்தையும் மூடியையும், 50 மில்லிமீட்டர் தடிமனான நுரைப் பலகையால் மூடினால், பத்து மணி நேரத்தில் இழப்பது இரண்டு டிகிரி அளவிலேயே நிற்கும். இரும்புக்கடையில் கிடைக்கும் கட்டடக் காப்புப் பலகையே போதுமானது. இடுக்குகளை வெள்ளி நிற ஒட்டுநாடாவால் அடைத்துவிடுங்கள். காற்று புகும் இடுக்கு இருந்தால் பலகையின் பயனில் பெரும்பகுதி வீணாகும்.

எரிவாயு பற்றி

உடனடி வெந்நீர் தரும் எரிவாயு அடுப்புக் கருவியை வேனுக்குள் மாட்டிக்கொள்வது மலிவாகவும் எளிதாகவும் தோன்றும். நான் அதை வன்மையாக மறுக்கிறேன். மூடிய வேனுக்குள் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலைவலி, தூக்கம் என்று தொடங்கி, எழுந்து வெளியே வரும் வலிமையையே பறித்துவிடும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதால், கீழே உள்ள ஊர்களுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட அடுப்பு இங்கே முழுமையாக எரியாமல், அந்த நச்சு வாயுவை மேலும் கூடுதலாகக் கக்கலாம். கசியும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது வேனின் தரையில் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

வேறு வழியே இல்லையென்றால், கருவியை வேனுக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த இடத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தி மட்டுமே இயக்குங்கள். எரிவாயு தோம்பு நிமிர்ந்தபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். வண்டி நகருமுன் அதன் வால்வு மூடப்பட வேண்டும். புகையை வெளியேற்றும் குழாயுடன் கூடிய டீசல் சூடேற்றி முறையாகப் பொருத்தப்பட்டால் பாதுகாப்பானதே. ஆனால் அதன் விலை, நாளொன்றுக்குச் சில கடைகளையும் ஒரு தங்கும் விடுதியையும் துடைப்பவருக்குக் கட்டுப்படியாகாது. மேலும், இவற்றில் எதை வேனில் நிலையாகப் பொருத்துவதாக இருந்தாலும், முன்கூட்டியே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பாரமும் மலைப்பாதையும்

200 லிட்டர் நீர் என்பது 200 கிலோ. மூன்று ஆள்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டுக்கு இறங்குவதைப் போன்றது அது. ஆனால் மனிதர்கள் வளைவில் தங்களைப் பிடித்துக்கொள்வார்கள், தண்ணீர் பிடித்துக்கொள்ளாது. உள்ளே தடுப்புச் சுவர்கள் உள்ள தொட்டியையே வாங்கி, ஒட்டுப்பலகைத் தரையில் அல்லாமல் வேனின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பின் அச்சுக்கு நேர்மேலோ, சற்று முன்னாலோ பாரம் விழுவது நல்லது. தாப்பா செல்லும் பாதையில் தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

வடிகட்டிய நீர் பயன்படுத்துவோருக்கு

நீண்ட கோல் தூரிகையில் சுத்த நீரைச் செலுத்தி, துடைக்காமலேயே காயவிடும் முறையில் வேலை செய்பவர்கள், வடிகட்டிய பிறகே நீரைச் சூடாக்க வேண்டும். நீரிலுள்ள உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகள் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் தாங்கா; மிஞ்சும் உப்பை அகற்றும், அயனி நீக்கும் ரெசினும் 60 டிகிரிவாக்கில் கெடத் தொடங்கும். குளிர்ந்த நீரில் ஆர்.ஓ. சவ்வு மந்தமாகவே வேலை செய்யும். ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ 3 விழுக்காடு நீர் குறைவாகக் கிடைக்கும் என்பதால், விடியற்காலையில் வடிகட்டுவதைவிடப் பிற்பகலில் வடிகட்டி வைப்பது புத்திசாலித்தனம். மிகத் தூய நீர், தான் தொடும் உலோகத்தைச் சிறிதளவு கரைத்துக்கொள்ளும் தன்மையுடையது; செம்புச் சூடேற்றியைத் தவிர்த்து எவர்சில்வரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தூரிகைக்கு வரும் நீரை, அதில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். அளவியால் சோதித்து, 10 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருந்தால் மட்டுமே துடைக்காமல் விடுங்கள்.

50 மீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குழாய்க்குள் இரண்டரை லிட்டர் நீர் நிற்கிறது. ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அது குளிர்ந்துதான் வெளிவரும். இதனால் வேனைக் கடைக்கு அருகில் நிறுத்தி, குறைந்த நீளக் குழாயால் தொடர்ச்சியாக வேலை செய்வதே சூட்டை மிச்சப்படுத்தும்.

தொட்டி வாங்க இன்னும் வசதி வராதவர்கள் வாளியும் ரப்பர் துடைப்பானும் கொண்டே இதைச் செய்யலாம். நம் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியில் கொதித்துவிடுகிறது. நல்ல ஃபிளாஸ்க்கில் அடைத்த 2 லிட்டர் கொதிநீரை, வாளியிலுள்ள 8 லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் 33 டிகிரி வெதுவெதுப்பு கிடைக்கும். குளிர்ந்த நீர் முதலில் வாளியில் இருக்க வேண்டும். கொதிநீரை அதில் மெல்ல ஊற்ற வேண்டும். காலை வேலைக்கு மூன்று ஃபிளாஸ்க் இருந்தால் தாராளம்.

இறுதியாகத் தொட்டியின் தூய்மை. 20 முதல் 45 டிகிரிவரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகக்கூடும்; தூரிகையிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பவருக்கு அது கடுமையான நுரையீரல் காய்ச்சலை உண்டாக்கலாம். வெதுவெதுப்பான நீரை இரண்டு மூன்று நாள்கள் அப்படியே விட்டுவைக்காதீர்கள். விடுப்பு நாளுக்கு முந்தைய மாலையில் தொட்டி, பம்பு, குழாய் மூன்றையும் முழுவதுமாக வடித்து, மூடியைத் திறந்து உலரவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவும்போது, சூடேற்றியின்மீது வெள்ளைப் படிவு இருக்கிறதா, அதன் ரப்பர் வளையம் கசிகிறதா என்பதையும் பார்த்து, கசிந்தால் வளையத்தை மாற்றிய பிறகே மீண்டும் மின்சாரம் கொடுங்கள்.