அம்லோடிபினும் கணுக்கால் வீக்கமும்

பிரஷர் மாத்திரையான அம்லோடிபினை 10 மி.கி.க்குக் கூட்டியதும் எனக்கு பிரஷர் நன்றாகவே இறங்கியது. கூடவே கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் தெரியாது. மாலையானால் சாக்ஸின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருக்கும்.

இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு உண்டா என்று முதலில் பார்த்தார் டாக்டர். இல்லை. சரி, அப்படியானால் மாத்திரைதான். அது சிறு தமனிகளை நன்றாக விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் இரண்டுக்கும் இடையில் இருக்கும் தந்துகிகளில் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில்) அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வருகிற வீக்கம் அல்ல இது. ஆகவே சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாதாம். (நான் அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன்.)

அம்லோடிபினை 5 மி.கி. ஆகக் குறைத்து, டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மருந்தை 40 மி.கி. சேர்த்தார். இந்த வகை மருந்து சிரைகளையும் விரிப்பதால் தந்துகிகளின் மேல் உள்ள அழுத்தம் குறைகிறது. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையாகவே கிடைப்பதால் எண்ணிக்கையும் கூடவில்லை. வீக்கம் சட்டென்று வற்றிவிடவில்லை, மெல்லத்தான் போனது. பிரஷர் இப்போது 130/80-ஐ ஒட்டியே நிற்கிறது.

டெல்மிசார்டன் தொடங்கிய பிறகு ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து ஆகாது. அப்புறம், ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ விஷயம் வேறு, உடனே காட்ட வேண்டும்.