புரோட்டீன் அசைவைப் படிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருஷமும் புதுசா பசங்க வந்து புரோட்டீன் சிமுலேஷன் (கம்ப்யூட்டர்ல அணுக்களோட அசைவைக் கணக்குப் போட்டு ஓட்டிப் பாக்குறது) ஆரம்பிக்கும்போது அதே நாலஞ்சு தப்புதான் திரும்பத் திரும்ப வருது, நாங்க பழகின காலத்துல எல்லாரும் பண்ணின அதே தப்பு. அணு விட்டுப்போச்சு, சார்ஜ் சமன் ஆகல, மினிமைசேஷன் (ஆற்றலைக் குறைச்சு அணுக்களைச் சரியா உக்கார வைக்கிறது) பண்ணாம ரன் போட்டு வெடிச்சிருச்சு, இதையெல்லாம் இங்க பேசப்போறதில்ல, ஏன்னா இதுக்கெல்லாம் பெரும்பாலும் சாஃப்ட்வேரே எர்ரரோ வார்னிங்கோ குடுத்துடும். ஒரு வார்னிங்கும் வராம, அழகா கிராஃப் வந்து, ஆனா அடிப்படையே தப்பா இருக்குமே, அந்த மாதிரி விஷயங்களத்தான் சொல்ல வந்தேன்.

ஃபைல்ல இருக்குறதுதான் முழு மூலக்கூறுன்னு நம்புறது

இன்னிக்கு வரைக்கும் என்னை எரிச்சல்படுத்துறது இது ஒண்ணுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எக்ஸ்ரே வச்சு ஸ்ட்ரக்சர் கண்டுபிடிக்கிறவங்க பிடிபி ஃபைல்ல (ஸ்ட்ரக்சரைப் பொதுவுல போட்டு வைக்கிற புரோட்டீன் டேட்டா பேங்க் ஃபைல்) மொத்த மூலக்கூறையும் எழுதணும்னு கட்டாயம் இல்ல. கிரிஸ்டலோட சமச்சீர் விதியைப் போட்டா மீதி தானா வந்துரும்ங்கிறதால, திரும்ப வராத சின்னப் பகுதியை மட்டும் எழுதுவாங்க. அதுக்குப் பேரு அசிமெட்ரிக் யூனிட். உடம்புக்குள்ள நிஜமா வேலை செய்யிற உருவத்துக்கு பயாலஜிக்கல் அசெம்பிளின்னு பேரு. சில புரோட்டீன்ல ரெண்டும் ஒண்ணா இருக்கும், நிறைய புரோட்டீன்ல இருக்காது.

ஒரு பையன் ஹீமோகுளோபின் எடுத்தான். ஆக்சிஜன் ஒட்டுனதும் வடிவம் எப்படி மாறுதுன்னு பாக்குறதுதான் ப்ராஜெக்ட், நல்ல கேள்விதான். ஆக்சிஜன் இல்லாததுக்கு 2எச்எச்பி (2HHB), ஆக்சிஜன் இருக்குறதுக்கு 1எச்எச்ஓ (1HHO), ரெண்டு ஃபைலையும் இறக்கி ஒண்ணு மேல ஒண்ணு பொருத்திப் பாத்துட்டு, "சார், பெருசா ஒண்ணுமே மாறல"ன்னு வந்து நின்னான். அதுக்குள்ள அந்த ரெண்டாவது ஃபைலை வச்சு வாரக்கணக்குல ஜிபியூ ஓட்டியாச்சு, மத்தவங்களும் வரிசையில காத்திருக்குற மெஷின் அது.

2எச்எச்பி ஃபைல்ல ரெண்டு ஆல்ஃபா, ரெண்டு பீட்டா, நாலு சங்கிலியும் இருக்கு. 1எச்எச்ஓல ஒரு ஆல்ஃபா, ஒரு பீட்டா மட்டும்தான். மீதிப் பாதி கிரிஸ்டலோட சமச்சீர் அச்சுக்கு அந்தப் பக்கம் இருக்கு, ஃபைல்ல எழுதல. "மீதிப் பாதி எங்கப்பா?"ன்னு கேட்டா அவன் முழிக்கிறான், ஏன்னா எந்த சாஃப்ட்வேரும் அவன்கிட்ட அதைக் கேக்கவே இல்ல.

இதுல கொடுமை என்னன்னா ஹீமோகுளோபினோட முக்கியமான அசைவே அந்த ரெண்டு பாதிக்கும் நடுவுலதான் நடக்குது. ஆக்சிஜன் ஒட்டுனதும் இரும்பு அணு சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் நகந்து ஹீம் (இரும்பைப் பிடிச்சிருக்குற தட்டையான வளையம்) தளத்துக்குள்ள வருது, கூடவே ஹிஸ்டிடின்ங்கிற ஒரு அமினோ ஆசிட்டையும் அது ஒட்டியிருக்குற சுருளான ஹெலிக்ஸையும் இழுக்குது, கடைசியில ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி இன்னொரு ஜோடியைப் பாத்து சுமார் 15 டிகிரி திரும்பிடுது. ஒவ்வொரு ஜோடிக்குள்ளயும் வர்ற மாற்றம் கம்மி. அப்போ ஒரே ஒரு ஜோடியை மட்டும் பொருத்திப் பாத்தா அந்த 15 டிகிரி எப்படிக் கண்ணுல படும்? கதவு எவ்வளவு திறந்திருக்குன்னு அளக்க வந்துட்டு நிலையை விட்டுட்டு பலகையை மட்டும் அளந்த கதைதான். 1938லயே ஹௌரோவிட்ஸ் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்தாரு, ஆக்சிஜன் பட்டதும் ஹீமோகுளோபின் கிரிஸ்டலே சிதைஞ்சு வேற வடிவத்துக்கு மாறுச்சு. அவ்வளவு பெரிய மாற்றத்தை நாம கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு "இல்ல"ன்னு எழுதப் பாத்தோம்.

அதோட நிக்கல, அதே பாதியில டிபிஜியை (ரத்த சிவப்பணுவுல ஹீமோகுளோபின்ல ஒட்டுற சின்ன மூலக்கூறு) டாக்கிங் பண்ணியும் வச்சிருந்தான், அதாவது அது எங்க உக்காரும்னு கம்ப்யூட்டரைக் கணிக்க விட்டிருந்தான். டிபிஜி உக்காருற இடம் ரெண்டு பீட்டா சங்கிலிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, ரெண்டு பக்கத்துல இருந்தும் பாசிட்டிவ் சார்ஜ் உள்ள அமினோ ஆசிட் வந்து அதைப் பிடிக்குது, நாலு சங்கிலிக்குச் சேத்து ஒரே ஒரு டிபிஜிதான். ஒரு பீட்டா மட்டும் இருக்குற ஃபைல்ல அந்தக் குழியே கிடையாது. ஆனாலும் டாக்கிங் ப்ரோக்ராம் எங்கயோ ஒரு ஓரத்துல ஒட்ட வச்சு ஸ்கோர் குடுத்துச்சு. ஸ்கோர் எப்பவுமே வரும், அதை நம்பிடக்கூடாது.

எச்ஐவி புரோட்டியேஸும் இப்படித்தான். 1எச்எச்பி (1HHP) ஃபைல்ல 99 அமினோ ஆசிட் உள்ள ஒரே சங்கிலி. நிஜத்துல ரெண்டு சங்கிலி சேர்ந்தாதான் அது என்சைம், 25ஆவது இடத்து அஸ்பார்டிக் ஆசிட் ஒவ்வொரு சங்கிலியில இருந்தும் ஒண்ணு வந்து ஆக்டிவ் சைட் உருவாகுது, ரெண்டோட நுனிகளும் பின்னிக்கிட்டு ஒரே பீட்டா ஷீட்டா நிக்குது. தனியா ஒண்ண ஓட்டுனா பின்ன ஆள் இல்லாம அந்த நுனி ஆடத்தான் செய்யும். அதை "புது ஃப்ளெக்சிபிலிட்டி கண்டுபிடிச்சேன்"னு எழுதிடாதீங்க.

தப்பிக்க வழி ரொம்ப சுலபம், அதனாலதான் கோவமே வருது. பிடிபி ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து ரிமார்க் 350 பாருங்க. அங்க காப்பியை எங்க திருப்பி வைக்கணும்னு சொல்ற மேட்ரிக்ஸ் இருக்கும். ஒரு மேட்ரிக்ஸ் மட்டும் இருந்து அது எதையும் நகத்தாம அப்படியே வைக்கிற மேட்ரிக்ஸா இருந்தா பிரச்சனை இல்ல. ரெண்டாவது மேட்ரிக்ஸ் இருந்தா மூலக்கூறோட மீதி வெளியில இருக்குன்னு அர்த்தம். பிடிபி வெப்சைட்லயே அசெம்பிளி ஃபைலைத் தனியா இறக்கலாம், ஆனா அதுலயும் ஒரு குழி இருக்கு: பழைய பிடிபி ஃபார்மட் அசெம்பிளி ஃபைல்ல ரெண்டாவது பாதி அதே சங்கிலிப் பேரோட மாடல் 2ன்னு வரும், நிறைய டூல் மாடல் 1ஐ மட்டும் படிச்சுட்டு மீதிய விட்டுடும், நீங்க திரும்பவும் பாதியத்தான் ஓட்டுவீங்க. அதனால ரன் போடுறதுக்கு முன்னாடி சங்கிலியையும் அமினோ ஆசிட்டையும் எண்ணுங்க. மனுஷ ஹீமோகுளோபின்னா 574 வரணும், 287 வந்தா அங்கயே நிறுத்துங்க.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். தனியா வேலை செய்யிற புரோட்டீன் அசிமெட்ரிக் யூனிட்ல ரெண்டு மூணு காப்பியா இருக்கும், அதை டைமர் (சேர்ந்து வேலை செய்யிற ஜோடி)ன்னு நினைச்சு ஓட்டுவாங்க. ரிமார்க் 350லயே அந்த அசெம்பிளியை ஆத்தர் சொன்னாரா இல்ல சாஃப்ட்வேர் கணிச்சதான்னு தனித்தனியா எழுதியிருக்கும். சாஃப்ட்வேர் மட்டும்தான் சொல்லுதுன்னா பேப்பரை எடுத்து, கரைசல்ல அது எத்தனை சங்கிலியா இருந்துச்சுன்னு அளந்திருக்காங்களான்னு பாருங்க.

பி ஃபேக்டர் நம்பரைப் பாக்காம விடுறது

ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்துல கடைசியில ஒரு நம்பர் இருக்கே, அதுலதான் அசைவைப் பத்தின முதல் துப்பு இருக்கு. 20னா அந்த அணு ஒரு திசையில சராசரியா அரை ஆங்ஸ்ட்ராம் பரவியிருக்கு, 80னா ஒரு ஆங்ஸ்ட்ராம். 80, 90ன்னு இருக்குற லூப்ல (சங்கிலியோட தளர்வான வளைவு) ஹைட்ரஜன் பாண்டு தூரத்தை ரெண்டு தசமம் வரைக்கும் எழுதுறதுல அர்த்தமே இல்ல. இன்னொண்ணு, நிறைய டேட்டா 100 கெல்வின்ல எடுத்தது, உடம்பு சூட்டுல ரெண்டு மூணு பக்கம் திரும்புற சைட் செயின் (சங்கிலியில இருந்து பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்குற பகுதி) அந்தக் குளிர்ல ஒரே பக்கமா உறைஞ்சு நிக்கும். தசையில ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற மயோகுளோபின்ல கிரிஸ்டல் ஸ்ட்ரக்சரை மட்டும் பாத்தா ஆக்சிஜன் உள்ள போற அளவுக்கு வழியே தெரியாது, ஆனா ஆக்சிஜன் போயிட்டு வந்துட்டுதான இருக்கு. மூலக்கூறு அசையும்போதுதான் வழி திறக்குது.

ஹிஸ்டிடினை டீஃபால்ட்ல விடுறது

எக்ஸ்ரேல ஹைட்ரஜன் பொதுவா தெரியாது, ஹிஸ்டிடினோட ப்ரோட்டான், அதாவது அந்த ஹைட்ரஜன், எந்த நைட்ரஜன்ல இருக்குன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஒண்ணுலயா இன்னொண்ணுலயா இல்ல ரெண்டுலயுமா. ஆக்டிவ் சைட்ல இருக்குறதையாவது ஒவ்வொண்ணா சுத்தி யார் இருக்காங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

பெட்டியைத் தாண்டிக் குதிச்சா பயப்படுறது

புரோட்டீன் உடையல. பீரியாடிக் பவுண்டரி, அதாவது சிமுலேஷன் பெட்டியோட ஒரு பக்கமா வெளிய போனது எதிர்ப் பக்கமா உள்ள வரும், அவ்வளவுதான்.

ஆல்ஃபாஃபோல்ட் (ஸ்ட்ரக்சரைக் கணிக்கிற ஏஐ) நம்பிக்கை இல்லாம காட்டுற ஆரஞ்சு கலர் நூலை ஸ்ட்ரக்சர்னு எடுத்துக்கிறது

கூடாது.

ஒரே ஒரு ரன், ஆர்எம்எஸ்டி (ஆரம்ப வடிவத்துல இருந்து எவ்வளவு விலகியிருக்குங்கிற அளவு) கோடு நேரா போகுதுன்னு நிம்மதியாகுறது

1977ல முதல் முதலா ஒரு புரோட்டீனை, பிபிடிஐன்னு 58 அமினோ ஆசிட் உள்ள சின்னது, சுத்தி தண்ணியே இல்லாம சுமார் 9 பிக்கோசெகண்ட் ஓட்டுனாங்க. 2010ல அதே புரோட்டீனை ஆன்டன்னு இதுக்குன்னே கட்டின சூப்பர்கம்ப்யூட்டர்ல ஒரு மில்லிசெகண்ட் ஓட்டுனப்போ அது சில நிலைகள்ல மைக்ரோசெகண்ட் கணக்குல உக்காந்துட்டு அப்புறம்தான் அடுத்ததுக்குத் தாவுச்சு. உங்க 100 நானோசெகண்ட் கோடு நேரா இருந்தா அது முதல் நிலையிலயே இருக்குன்னு மட்டும்தான் சொல்லலாம். ஆரம்ப வேகத்தை மாத்தி மூணு ரன்னாவது போடுங்க.

ராமச்சந்திரன் பிளாட்ல வெளிய விழுந்த புள்ளியை எல்லாம் உள்ள தள்ளுறது

1963ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம புரோட்டீன் சங்கிலி எந்த எந்தக் கோணத்துல திரும்பி நிக்க முடியும்னு கணக்குப் போட்டு வரைஞ்ச படம் அது, அப்போ விவரமாத் தெரிஞ்ச புரோட்டீன் ஸ்ட்ரக்சரே விரல் விட்டு எண்ணுற அளவுலதான் இருந்துச்சு. இன்னிக்கும் தப்பான மாடலைப் பிடிக்க அதுதான் முதல் சோதனை, எனக்கு அது மேல அவ்வளவு மரியாதை உண்டு. ஆனா வெளிய விழுறது எல்லாமே தப்பு இல்ல. லைபேஸ், அசிடைல்கோலின் எஸ்டரேஸ் மாதிரி என்சைம்ல வேலை செய்யிற செரீன் ஒரு இறுக்கமான திருப்பத்துல வளைஞ்சு நிக்கும், அதோட கோணம் பிளாட்ல சங்கடமான இடத்துலதான் விழும். அந்த வளைவு இருக்குறதாலதான் அது நுனியில நீட்டிக்கிட்டு வினை செய்யுது. அதை மினிமைஸ் பண்ணி நல்ல இடத்துக்குத் தள்ளிட்டா எந்த இடத்துக்காக என்சைமை எடுத்தீங்களோ அதையே கெடுத்துடுறீங்க. எலக்ட்ரான் டென்சிட்டி மேப்பைத் (எக்ஸ்ரே டேட்டால இருந்து வர்ற எலக்ட்ரான் செறிவுப் படம்) திறந்து அந்த அமினோ ஆசிட் தெளிவா தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா கை வைக்காதீங்க.