ஸ்டீயரிங் விட்டு விட்டு டைட் ஆகிறதா? ஏற்காடு ஏறும் முன் இதைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதித் திருப்பத்தில் ஸ்டீயரிங் கனத்துப்போனால் வண்டி எதிர்ப்பக்கம் போய்விடலாம். ஆகவே அடிவாரம் தாண்டும் முன்பே கோளாறைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

விட்டு விட்டு வரும் கோளாறு பட்டறை வாசலில் ஒளிந்துகொள்ளும். அதனால் முதல் வேலை, அது எப்போது வருகிறது என்று எழுதி வைப்பது. காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போதா (ஐடில்), ஏசி போட்டாலா, மழையிலா? பாதி விடை இந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

அடுத்து முன் டயர்களின் காற்று. டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவு இருக்கட்டும்.

பிறகு பானெட்டைத் திறங்கள். பெல்ட்டில் சுற்றும் பம்ப்பும் ஆயில் டப்பாவும் இருந்தால், ஆயில் அழுத்தத்தில் உதவும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இல்லையென்றால் பெரும்பாலும் மோட்டார் உதவும் எலக்ட்ரிக்.

எலக்ட்ரிக் என்றால்: டாஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா? பேட்டரியைக் கழற்றும் முன் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை (code) எடுத்துவிடுங்கள்; கழற்றினால் சில வண்டிகளில் அது அழிந்துவிடும். மல்டிமீட்டரில் பேட்டரி, இன்ஜின் ஆஃபில் 12.4 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 காட்ட வேண்டும். இனிதான் முக்கியமான சோதனை. ஹெட்லைட், ஏசி போட்டு, உதவியாளர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பாடியின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரோ அதன் போல்ட்டோ துரு பிடித்தோ தளர்ந்தோ இருக்கிறது. ஸ்டீயரிங் மோட்டார் திருப்பும் நொடியில் நிறைய ஆம்பியர் இழுக்கும். அந்த நொடியில் மட்டும் வோல்ட் விழுவதால்தான் கோளாறு வந்து வந்து போகிறது. பேட்டரி மைனஸை முதலில் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். இதைப் பார்க்காமல் ஸ்டீயரிங் காலத்தையே (column, ஸ்டீயரிங் தண்டுத் தொகுதி) மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பார்க்கிங்கில் பலமுறை முழுசாகத் திருப்பிய பிறகு மட்டும் கனத்து, ஓய்வு கொடுத்தால் சரியானால், மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது; அது இயல்பு.

ஹைட்ராலிக் என்றால்: ஆயில் அளவு குறைவா, நுரைக்கிறதா? நுரை என்றால் காற்று புகுந்திருக்கிறது. ஹோஸ் கிளிப்களில் கசிவு தேடுங்கள். முழுத் திருப்பத்தில் கிறீச்சிட்டால் பெல்ட் நழுவுகிறது. மூடியில் எழுதிய ஆயிலைத் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். முழுசாகத் திருப்பி 5 நொடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் கெடலாம்.

எதிலும் சிக்கவில்லையா? கைபிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சுற்றிப் பாருங்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை இறுகித் தளர்ந்தால் ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் (தண்டு வளையும் இடத்து மூட்டு) காய்ந்திருக்கிறது.

மலையிலேயே கனத்துவிட்டால் பதறாதீர்கள். சக்கரத்தோடு இணைப்பு அறவில்லை. இரு கையாலும் பலமாகத் திருப்பி, வேகம் குறைத்து, ஓரம் கட்டலாம். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைக்கவே கூடாது: ஸ்டீயரிங் உதவியோடு பிரேக் பூஸ்டரும் போய்விடும்.