கர்ப்ப கால சத்து மாத்திரை: அதிகம் செலவில்லாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

தங்கைக்கு நான்காவது மாதம் பிறந்ததும் மாத்திரை வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாபநாசம் கடைவீதியில் "கர்ப்பிணிக்கு மல்டிவைட்டமின் வேணும்" என்று கேட்டால் பளபளவென்று நாலைந்து அட்டைப்பெட்டிகளை எடுத்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இருபது சத்துகளின் பெயர். விலையைப் பார்த்தால் நடவு வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. பாதியில் நின்றுபோகும் விலை உயர்ந்த மாத்திரையைவிட, பிரசவத்துக்குப் பிறகும் தொடரக்கூடிய மலிவான மாத்திரையே மேல் என்பது என் கட்சி. தேவையில் பெரும்பகுதி அரசிடமிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பாக்கியை மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும்.

முதலிலேயே ஒன்று. வயிற்றில் இரட்டைப் பிள்ளை, தைராய்டு, வலிப்பு மருந்து, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டில் குறை என்று ஏதாவது இருந்தால் அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே இருப்பது மற்றவர்களுக்கான வழி.

படி 1: இலவசமாகக் கிடைப்பதை முதலில் வாங்குங்கள்

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு தரித்து நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அதனால் நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே தொடங்க வேண்டும். கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே தொடங்குவது இன்னும் நல்லது.

நான்காவது மாதத்திலிருந்து சிவப்பு நிற இரும்பு மாத்திரை. ஒன்றில் இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். தினம் ஒன்று வீதம் 180 நாள். அதோடு கால்சியம் தினம் இரண்டு. ஒவ்வொன்றிலும் 500 மி.கி. கால்சியமும் 250 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு) வைட்டமின் டி3-யும் இருக்கும். இவை மூன்றும்தான் அடித்தளம். "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. கடையில் விற்கும் மாத்திரையில் இருப்பதும் இதே இரும்புதான்.

படி 2: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாத்திரை அட்டையின் முன்னால் இருப்பது விளம்பரம். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதுதான் விஷயம். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். "ஃபெரஸ் ஃபியூமரேட் 300 மி.கி." என்று போட்டிருந்தால் 300 மி.கி. இரும்பு இருப்பதாக நினைக்காதீர்கள். அது இரும்புச் சேர்மத்தின் எடை. அதில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 100 மி.கி.தான். நாம் தேட வேண்டிய சொல் "எலிமென்டல்". "எலிமென்டல் அயர்ன்" என்று எழுதி, அதன் பக்கத்தில் இருக்கும் எண்தான் உடம்புக்குக் கணக்கு. ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரைகளில் பெரும்பாலும் அந்த எண்ணை நேராகவே போட்டிருப்பார்கள்.

கால்சியத்துக்கும் இதே கணக்கு. கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் சுத்தமான கால்சியம் 500 மி.கி. கால்சியம் சிட்ரேட் என்றால் ஆயிரத்தில் 210 மி.கி.தான் தேறும். ஒரே மாத்திரையில் எல்லாச் சத்தும் என்று விற்பவற்றில் கால்சியம் ஏன் சொற்பமாக இருக்கிறது என்பதும் இதில் விளங்கும். ஆயிரத்து இருநூற்றைம்பது மில்லிகிராம் சுண்ணாம்பை அந்தச் சின்ன மாத்திரைக்குள் எப்படி அடைப்பது?

அடுத்து வைட்டமின் ஏ. ரெட்டினால் வடிவில் ஒரு நாளைக்கு 10,000 ஐ.யு.-வைத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. பீட்டா கரோட்டின் என்று இருந்தால் பயமில்லை. வீட்டில் அண்ணனோ மாமாவோ சாப்பிடும் சாதாரண சத்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம், அதில் ரெட்டினால் உண்டு.

கடைசியாக உரிமம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கில வரியும் இருந்தால், அது சட்டப்படி மருந்து அல்ல, உணவுச் சேர்க்கை. விலை ஒன்றாக இருந்தால் நான் மருந்து உரிம எண் உள்ளதைத்தான் எடுப்பேன்.

படி 3: பாக்கி என்ன என்று பாருங்கள்

வைட்டமின் பி12, அயோடின் இரண்டுதான் முக்கியம்.

மீன், முட்டை, கறி எதுவும் தொடாத வீடுகளில் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு நாளைய தேவை 3 மைக்ரோகிராமுக்கும் குறைவு. அட்டையில் 1500 என்று போட்டிருக்கிறது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு.

அயோடினுக்கு மாத்திரை வேண்டாம், உப்பை மாற்றினால் போதும். நம் பக்கத்தில் வேதாரண்யத்துக் கல்லுப்பு மூட்டையாகவும் தெருவிலும் விலைக்கு வருகிறது. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அயோடின் சேர்க்காத உப்பில் அயோடின் கிடையாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். ஊறுகாய்க்கு அந்த உப்பை வைத்துக்கொண்டு, குழம்புக்கும் சோற்றுக்கும் அயோடின் என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்குங்கள். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது.

மீனில் இருக்கும் நல்ல கொழுப்பான டிஎச்ஏ மாத்திரைதான் பட்டியலிலேயே விலை கூடியது. நாகப்பட்டினத்து மத்தியோ நெத்திலியோ வாரம் இரண்டு முறை குழம்பு வைக்கிற வீட்டில் அது தேவைப்படாது. சுறாவைக் கர்ப்பத்தில் தவிர்த்துவிடுங்கள், அதில் பாதரசம் அதிகம். மிட்டாய் போல மென்று தின்னும் கம்மி வகைகளில் பெரும்பாலும் இரும்பே இருக்காது. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 4: கடையில்

பி12 உள்ள எளிய கர்ப்ப கால மாத்திரை ஒன்று தேவை என்று முடிவானால் முதலில் மக்கள் மருந்தகம் அல்லது முதல்வர் மருந்தகம், பிறகுதான் மற்ற கடை. "அண்ணே, இதே கலவை ஜெனரிக்ல இருக்கா?" என்று பழைய அட்டையைக் காட்டிக் கேளுங்கள். பிராண்டு பெயர் இல்லாமல் விற்கும் அதே மருந்துதான் ஜெனரிக். அட்டை விலையைப் பார்க்காமல் ஒரு மாத்திரையின் விலையைப் பாருங்கள். பத்து மாத்திரை 240 ரூபாய் என்றால் ஒன்று 24. பதினைந்து மாத்திரை 300 ரூபாய் என்றால் ஒன்று 20. பார்வைக்கு விலை கூடியதுதான் இங்கே மலிவு.

வாங்கும் மாத்திரையிலும் இரும்பு இருந்தால், அரசு மாத்திரையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று செவிலியரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அவர்களே இரண்டு மாத்திரை சொல்வார்கள். நாமாகக் கூட்ட வேண்டாம்.

படி 5: விழுங்கும் நேரம்

கால்சியமும் இரும்பும் சேரக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தங்கைக்கு நான் எழுதி ஒட்டிய அட்டவணை: காலை டிபனோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு பத்து மணிக்கு இரும்பு. இரும்புக்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் நல்ல துணை. காபியும் டீயும் ஆகாது. கும்பகோணத்து டிகிரி காபியை விட வேண்டியதில்லை, இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் கொண்டுவராமல் இருந்தால் சரி.

மலம் கறுப்பாகப் போவது இரும்பின் இயல்பு, பயப்பட வேண்டாம். வாய்க்குமட்டல் என்றால் நிறுத்திவிடாமல் கொஞ்சம் சாப்பிட்ட பிறகு போடுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லி வேறு வகைக்கு மாறுங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு ஒரு தோழி கேட்டார்: "ராத்திரி அத்தை குங்குமப்பூ போட்டுப் பால் தர்றாங்க, அதோடயே இரும்பு மாத்திரையையும் போட்டுக்கலாமா?" கூடாது. பாலில் இருப்பதும் கால்சியம்தான், இரும்பைச் சேரவிடாது. பாலைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றுங்கள். அத்தையிடம் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், பேரப்பிள்ளை விஷயம் அல்லவா.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும்.

ரேஷன் அரிசியில் வெளிர் நிறத்தில் தனியாகத் தெரியும் மணிகள் இருந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது பலருக்கு மாத்திரை நின்றுவிடுகிறது. புடவைக்கும் வளையலுக்கும் நடுவே அட்டைகளையும் பிக்மி எண் எழுதிய அட்டையையும் பையில் வையுங்கள். போனதும் அந்த ஊர்ச் செவிலியரிடம் எண்ணைச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் இரும்பு 180 நாள், கால்சியம் ஆறு மாதம் தொடர வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாத்திரைகளை மேல் அலமாரியில் வையுங்கள். சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.