ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் ஒரு முட்டை அட்டையும்: எண்ணறிவுக்குச் சில விளையாட்டுகள்

நாலு வயதுப் பிள்ளை ஒன்று முதல் ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம் "ஆறு கொட்டை எடுத்துக் குடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளி நீட்டும். நாக்குக்குத் தெரிந்தது கைக்கு இன்னும் இறங்கவில்லை. இறக்குவதற்குத் தேவையானவை: முப்பது புளியங்கொட்டை, 30 முட்டை அடுக்கும் காகித அட்டை ஒன்று, கொட்டாங்குச்சி, ஒட்டுப்பொட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகள், சாக்பீஸ், தொண்ணூறு ஈர்க்குச்சி. மூன்று வயது நிறையாத பிள்ளை கையில் கொட்டையைக் கொடுக்காதீர்கள். வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும். மூக்குக்குள் போன கொட்டை ஈரத்தில் ஊறிப் பருக்கும். அந்த வயதுக்கு எலுமிச்சம்பழமும் உருளைக்கிழங்கும் போதும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு தட்டில் பத்துக் கொட்டை வையுங்கள். "ரெண்டு குடு", "மூணு குடு" என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் கேளுங்கள். எந்த எண்ணில் எண்ணுவதை விட்டு அள்ளத் தொடங்குகிறதோ அங்கேதான் வேலை ஆரம்பம். அடுத்து, ஐந்து கொட்டையை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று உடனே சொன்னால் நல்லது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியில் சொன்ன சொல்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பெரிய எண்ணுக்குப் போகாமல் மூன்று, நான்கிலேயே சில நாள் இருங்கள்.

எண்ணும்போது ஒன்றை விடுவதும் ஒன்றையே இருமுறை தொடுவதும் சகஜம். நாக்கின் வேகமும் விரலின் வேகமும் ஒத்துப்போகாததே காரணம். 'பதினொன்று' போன்ற நீளச் சொல் வந்தால் ஒவ்வோர் அசைக்கும் ஒரு கொட்டையைத் தொடுகிற பிள்ளைகளும் உண்டு. தொட்டு எண்ணச் சொல்லாதீர்கள். எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். 'டங்' என்ற சத்தம் ஒரு கொட்டைக்கு ஒரு சொல் என்று தானாகவே கட்டிவிடும்.

எண்ணாமல் பார்ப்பது

மூன்று, நான்கு பொருள் வரை எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும். இதைக் கூர்மையாக்கப் பத்திரிகை அட்டைகளைச் சம அளவில் வெட்டி 2 முதல் 5 வரை பொட்டு ஒட்டுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று விதமான அமைப்பு: ஒரே வரிசை, ஆறுபக்கப் பகடையின் புள்ளி போல, சும்மா சிதறியபடி. மொத்தம் 12 அட்டை, 42 பொட்டு. பொட்டுகள் ஒரே நிறம், ஒரே அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பிள்ளை எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெரிய பொட்டு இருந்தால் அதுதான் அதிகம் என்று சொல்லும். ஓர் அட்டையை இரண்டு விநாடி காட்டி மறைத்து, "எத்தனை, எப்படித் தெரிஞ்சது?" என்று கேளுங்கள். "மேலே ரெண்டு, கீழே ரெண்டு" என்ற பதில்தான் நமக்கு வேண்டியது. அதிக நேரம் காட்டினால் எண்ண ஆரம்பித்துவிடும்.

ஐந்தை உடைப்பது

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஐந்து புளியங்கொட்டையை எடுத்து, தாயம் ஆடத் தேய்ப்பது போல, ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேயுங்கள். கொட்டை நன்றாகச் சுடும். தேய்ப்பது பெரியவர் வேலை. (அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைக்கும் பழைய குறும்பைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டாம்.) வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் தேய்த்தால் கொட்டை மெலிந்து, போடும்போதெல்லாம் ஒரே பக்கமாக விழும்.

கொட்டாங்குச்சியில் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்ததும் பிள்ளை சொல்ல வேண்டும்: "மூணு வெள்ளை, ரெண்டு கறுப்பு, மொத்தம் அஞ்சு." சிலேட்டில் இரண்டு பத்தி போட்டு ஒவ்வொரு வீச்சையும் குறியுங்கள். வரக்கூடியது ஆறு வகைதான். ஐந்தும் ஒரே நிறமாக விழுவது அபூர்வம் என்பதால் பிள்ளைகள் அதற்காகவே குலுக்கிக்கொண்டிருப்பார்கள். அது விழும்போது "வெள்ளை ஒண்ணுமே இல்லை" என்பதைப் பூஜ்யம் என்று எழுத அருமையான சமயம். எத்தனை முறை போட்டாலும் மொத்தம் மாறாது என்று தெரிந்ததும் கேட்காமலே "அஞ்சு" வரும். அதன்பின் கொட்டாங்குச்சியால் சிலவற்றை மூடி, "மொத்தம் அஞ்சு. வெளியே ரெண்டு. உள்ளே?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பிள்ளையே திறந்து பார்க்கட்டும். ஐந்து சரளமான பிறகே ஆறு. பத்தை எட்ட மாதக்கணக்கானாலும் தாமதம் இல்லை.

பத்துக் கட்டம்

முட்டை அட்டையில் ஐந்துக்கு ஆறாக 30 குழி. உடைந்த முட்டையின் கறை இல்லாததாகப் பார்த்து ஒருநாள் வெயிலில் காயவைத்து, ஐந்து குழி கொண்ட இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று பத்துக் கட்டம் கிடைக்கும். மேல் வரிசையை இடமிருந்து நிரப்பிய பிறகே கீழ் வரிசை. ஏழு கொட்டை போட்டால் ஐந்தும் இரண்டும் தெரியும். காலியாக இருக்கும் மூன்றும் தெரியும். "எத்தனை இருக்கு?" என்பதோடு "பத்துக்கு இன்னும் எத்தனை?" என்றும் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் ஐந்தும் கூட்ட இரண்டு கட்டம் கொடுங்கள். இரண்டு கொட்டை இந்தப் பக்கம் தாவினால் ஒரு முழுப் பத்து, மூன்று மிச்சம். விரல்விட்டு முதலிலிருந்து எண்ணினால் சில வாரம் விட்டுவிடுங்கள். கட்டம் பழகினால் விரல் தானே ஓயும்.

நேர்கோட்டுப் பாதை

தரையில் சம அளவில் பத்துக் கட்டம் வரிசையாக வரைந்து 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு பக்கம் தேய்த்த ஒற்றைக் கொட்டைதான் பகடை: வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. ஐந்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், "ஆறு, ஏழு" என்று சொல்லித் தாவ வேண்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று சொன்னால் விளையாட்டின் பலன் போச்சு. நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவது அடுத்த தவறு. முதல் தாவலின்போது கையைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். 2008இல் அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பலகையில் இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குக் கால்மணி நேரம் ஆடிய பாலர் பள்ளிப் பிள்ளைகள் எண்களின் அளவைக் கணிப்பதில் தெளிவாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறங்கள் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அது காணவில்லை.

பத்துக்கு மேலே

தமிழ் எண்பெயர்கள் நமக்குத் துணை நிற்கின்றன. 'பதின்மூன்று' என்ற பெயருக்குள்ளேயே பத்தும் மூன்றும் இருக்கின்றன; ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்பதற்குள் பத்து கேட்காது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் ஈர்க்குச்சி வேலையைத் தமிழில் நடத்துங்கள். பத்துக் குச்சி சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட வேண்டியது பிள்ளைதான். கட்டிவைத்த கட்டைக் கொடுத்தால் அது 'ஒன்று' போலவே தெரியும். "இருபத்தொன்பதுக்கு அப்புறம் இருபத்திப் பத்து" என்று சொன்னால் சிரிக்காதீர்கள், யோசனை சரிதான். அந்தப் பத்தைக் கட்டச் சொன்னால் மூன்று கட்டு, முப்பது. தமிழிலும் ஒரு கண்ணி உண்டு: 'தொண்ணூறு' காதுக்கு நூறு போல ஒலிக்கும். ஒன்பது கட்டை எதிரே வைத்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

இருபத்து மூன்றை '203' என்று எழுதுவது இந்தக் கட்டத்தில் வரும். காதில் விழுந்தபடி எழுதுகிறது, அவ்வளவுதான். பழைய தமிழ் எண் முறையில் அதை ௨௰௩ என்று, இரண்டு-பத்து-மூன்று எனவே எழுதினார்கள். 20 என்று எழுதிய நீள அட்டையின் பூஜ்யத்தின் மேல் 3 எழுதிய சிறு அட்டையை வைத்து மூடிக்காட்டுங்கள். தூக்கினால் பூஜ்யம் அடியில் இருக்கும்.

ஆறு வயதுக்கு மேல் பல்லாங்குழியை எடுக்கலாம். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளும் ஆட்டத்தில் எண்ண நேரம் கிடைக்காது, கண்தான் வேலை செய்ய வேண்டும். சில நாள் ஆடியபின், கொட்டையைக் கையில் அள்ளும் முன்பே கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று கேட்டுப் பாருங்கள்.