மழையையும் வேலையையும் வீட்டையும் ஒரே நோட்டில் எழுதி வைப்பது எப்படி?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுவது என் வேலை. குடும்பம் மலைக்குக் கீழே சேலத்தில் இருக்கிறது. இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்தாம் என்றாலும், மேலே கம்பளி போர்த்திக்கொள்ளும் இரவில் கீழே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

நீள நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு தமிழ் மாதத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒதுக்கி, அவற்றைக் குறுக்கே ஐந்தாகக் கோடிட்டு, ஒவ்வொரு பட்டையையும் ஓர் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மழைக்கும் வேலைக்கும், வலப்பக்கம் வீட்டுக்கும். இந்த ஆண்டு ஐப்பசியை எழுதும்போது சென்ற ஆண்டு ஐப்பசி தானாகவே கண்ணில் படும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பயன். சாதாரண டைரியில் இது நடக்காது.

'நல்ல மழை' என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். காப்பிக்கு இந்தக் கணக்கு உயிர். மாசி, பங்குனியில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பூமழை விழுந்தால், அதுவரை பச்சை நுனிகளாக உறங்கிய மொட்டுகள் எட்டுப் பத்து நாட்களில் ஒருசேர வெடித்து, கிளை முழுதும் வெள்ளையாகி, மல்லிகையை ஒத்த மணம் தோட்டத்தையே நிறைக்கும். இரண்டு மூன்று நாட்களில் இதழ்கள் பழுத்துக் கருகிவிடும். அந்தப் பூதான் கார்த்திகையிலிருந்து தை வரை பழமாகக் கூடையில் விழுகிறது. ஆகவே பூத்த தேதியைத் தவறவிடக் கூடாது.

வலப்பக்கத்தில் மனநிலையை மட்டும் எழுதுவதில் பயனில்லை. முதலாண்டு நான் 'மனம் சரியில்லை' என்று ஏழெட்டு இடங்களில் எழுதியிருக்கிறேன். எதற்காக என்று இன்று எனக்கே தெரியவில்லை. யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு எத்தனை பேருக்குச் சமைத்தோம் என்பவை போதும். விட்டுப்போன நாட்களைப் பின்னர் ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள்.

மூன்றாவது பங்குனியை எழுதியபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. பூமழைக்காகத் தோட்டத்தில் காத்திருந்த அதே நாட்களில்தான் மூன்று ஆண்டுகளும் மகளுக்குப் பரீட்சை நடந்திருந்தது. ஒருமுறைகூட நான் கீழே இல்லை. முதலாளியிடம் நோட்டையே காட்டிக் கேட்டேன். நான்காம் ஆண்டிலிருந்து பரீட்சைக்கு முந்தின மாலை கடைசிப் பேருந்தில் இறங்கிவிடுகிறேன்.

இப்போது வலப்பக்கத்தை மனைவிதான் எழுதுகிறார். சென்ற பங்குனியில் அவர் எழுதியது இது: 'கீழே ஒரு துளி இல்லை. மேலே கொட்டுகிறதாம், இவர் இங்கே ஜன்னலருகே நின்று மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.'